இடையில் ஒரு புதன்கிழமை

கேம்ப் ரோட்டில் உள்ள ஒரு மருந்துக்கடையில் கனகவல்லி இருபத்திரண்டு வருஷமாக பார்மசிஸ்ட். முதலாளி லாசரஸ் கம்ப்யூட்டர் வாங்கி வைத்த பிறகும், எந்த மாத்திரை எந்த அடுக்கில் என்று அதில் தேடிப் பார்த்ததில்லை. "கனகா, அது எங்கம்மா?" என்று குரல் கொடுப்பார். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டி எடுத்துக் கொடுப்பாள். வாடிக்கையாக வருகிறவர்களில் யாருக்குச் சர்க்கரை, யாருக்கு பிரஷர், யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். டாக்டர் சீட்டில் கிறுக்கியது புரியாமல் பக்கத்துக் கடைக்காரர்கள்கூட அவளிடம் கொண்டுவந்து காட்டுவார்கள்.

அப்படிப்பட்டவள், ஜூலை மாதம் ஒரு திங்கட்கிழமை, தபீதாள் டீச்சருக்குத் தைராய்டு மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டாள். இருபத்தைந்து கொடுக்க வேண்டிய இடத்தில் நூறு. டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஐந்தாறு வருஷமாகியும் எதையும் படித்துப் பார்க்காமல் தொடமாட்டார். அரை மணி நேரத்தில் பாட்டிலோடு திரும்பி வந்தார்.

"கனகா, டாக்டர் டோஸ் எதுவும் ஏத்தலையேம்மா. இதுல நூறுன்னு போட்டிருக்கே?"

பாட்டிலைக் கையில் வாங்கிய கனகவல்லி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். லாசரஸ்தான் எழுந்து வந்து மாற்றிக் கொடுத்து, டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவைத்தார்.

"ஒண்ணும் ஆகலைல்ல, விடும்மா" என்றார் அவர். "கொஞ்ச நாளா நீ நீயாவே இல்ல. ஒரு வாரம் லீவு போட்டுட்டு வீட்ல இரேன்."

அவர் பரிவோடுதான் சொன்னார். அவள் காதில் மட்டும் 'நீ இனி வேண்டாம்' என்று விழுந்தது.

அன்று சாயங்காலம் ஷேர் ஆட்டோவில் மாடம்பாக்கத்தில் உள்ள வீட்டுக்குப் போகும்போது இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டாள். ஆட்டோக்காரர் கடைசி நிறுத்தத்தில், "அக்கா, நீ இன்னும் எறங்கலயா?" என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது. திரும்பி நடந்து வீட்டுக்கு வந்தவள், செருப்பைக் கழற்றியதும் பீரோவிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, தேதி போட்டு இரண்டையும் எழுதினாள். மாத்திரை மாறியது. ஸ்டாப் விட்டது. அறுபத்து மூன்று, அறுபத்து நான்கு.

ஒன்பது மாதமாக எழுதிவந்த நோட்டு அது. மறந்ததையெல்லாம் எண் போட்டு எழுதிவைத்திருந்தாள். பாலை அடுப்பில் வைத்து மறந்தது, ஏ.டி.எம். நம்பர் மறந்தது, எதிர்வீட்டுப் பெண்ணின் பெயர் வாயில் வராதது. இதற்கெல்லாம் என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியும். அம்மாவை நான்கு வருஷம் கூட வைத்துப் பார்த்துக்கொண்டவள் அவள். சாப்பாடு ஊட்டிவிடும் மகளை நிமிர்ந்து பார்த்து, "நீ யாரும்மா, நர்ஸா?" என்று கேட்ட அம்மா. அந்த நோய்தான் தனக்கும் வந்துவிட்டது, ஐம்பத்து நாலு வயசிலேயே வந்துவிட்டது என்று முடிவு கட்டிக்கொண்டாள்.

நோட்டின் முதல் வரி மட்டும் மற்றவற்றைப் போல இல்லை. 'சத்யா கூப்பிட்டாள். எடுக்கவில்லை. திருப்பிக் கூப்பிட மறந்துவிட்டேன்.'

சத்யபிரியா அவளுடைய ஒரே தங்கை. பள்ளிக்கரணையில் பிளவுஸ் தைத்துக் கொடுத்து வாழ்ந்தவள். புருஷன் போய்ச் சேர்ந்து ஏழு வருஷம். மகள் ஜீவிதாதான் துணை. இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, வாரம் மூன்று தடவை டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தாள். போன அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை விடியற்காலை, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டும்போதே இதயம் நின்றுபோனது. முந்தின நாள் மத்தியானம் கடையில் காய்ச்சல்காரர்கள் கூட்டம் நெரித்தபோது போனில் 'சத்யா' என்ற பெயரைப் பார்த்தது, அப்புறம் பேசலாம் என்று போனை டிராயரில் போட்டது, அதை அப்படியே மறந்தது, விடிந்ததும் ஜீவிதாவின் அழுகுரல் கேட்டது — கனகவல்லியின் மனசில் இவ்வளவுதான் இருந்தது. கடைசியாக என்ன சொல்லக் கூப்பிட்டாளோ? மூச்சு முட்டியிருக்குமோ? நான் எடுத்திருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருப்பேனே. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. புருஷன் சிட்டிபாபுவிடம்கூட.

ஜீவிதாவின் முகத்தைப் பார்க்கத்தான் அவளால் சுத்தமாக முடியவில்லை. பதினாறாம் நாளுக்குப் பிறகு பள்ளிக்கரணைப் பக்கம் போகவில்லை. அந்தப் பெண் போன் செய்தால், "வேலையா இருக்கேன்டா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாள். கொஞ்ச நாளில் போன் வருவதும் நின்றது.

லீவு முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாளே கனகவல்லி ஒரு காரியம் செய்தாள். மறதி நோய்க்காரர்களுக்குக் கொடுக்கும் மாத்திரையில் ஒரு அட்டையை எடுத்து, காசைக் கல்லாவில் போட்டுவிட்டு, கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். அம்மாவுக்கு வருஷக்கணக்காகக் கொடுத்த அதே மாத்திரை. டாக்டர் சீட்டு இல்லாமல் யார் வந்து கேட்டாலும் கொடுக்காதவள், தனக்குத் தானே எழுதிக்கொண்டாள். முதல் இரண்டு வாரம் தினமும் ஒன்று. ஒரு முன்னேற்றமும் தெரியாமல் போகவே இரண்டாக்கினாள். அட்டை தீரத் தீர இன்னொன்று எடுத்துவைத்துக்கொண்டாள். சாப்பாட்டைக் கண்டாலே குமட்டியது. கண்ணை மூடினால் கனவுகள் ஒன்றை ஒன்று துரத்தின. இதுவும் நோயின் அடையாளம்தான் என்று எடுத்துக்கொண்டாள்.

சிட்டிபாபு மாநகரப் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போவது அவருக்கு ஒரு திருவிழா. ஆகஸ்ட் கடைசி வெள்ளியன்று மனைவியையும் கடைக்கு லீவு போடச் சொல்லி வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போனார்.

"ரோஜாச் செடி ஒண்ணு வாங்கலாம், வா. கடை, வூடுன்னே குந்திகினு இருந்தா மூஞ்சி இப்டித்தான் இர்க்கும்."

வெயில் ஏறியிருந்தது. பழைய ரேடியோ, மிக்ஸி, கூண்டுப் புறா, செடித் தொட்டி என்று கடை கடையாகக் கூட்டத்தில் நகர்ந்துகொண்டிருந்தார்கள். செடிக்காரரிடம் சிட்டிபாபு விலை பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் ஏதோ சரிகிற சத்தம். திரும்பிப் பார்த்தால், கனகவல்லி தொட்டிகளுக்கு நடுவே விழுந்து கிடந்தாள். நெற்றியில் ரத்தம்.

தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நெற்றியில் மூன்று தையல். நாடித்துடிப்பு நாற்பத்து நாலு. பணியில் இருந்த டாக்டர், "என்னென்ன மாத்திரை சாப்பிடுறாங்க?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்ல சார், அவளுக்கு ஒரு தலைவலி மாத்திரைகூடத் தேவைப்பட்டதில்ல" என்றார் சிட்டிபாபு. நர்ஸ் கைப்பையில் ஆதார் அட்டையைத் தேடியபோது பாதி காலியான மாத்திரை அட்டையும் கூடவே வந்தது.

அதை வாங்கிப் புரட்டிப் பார்த்த சிட்டிபாபுவுக்குப் பெயரைப் படித்ததும் விளங்கிவிட்டது. மாமியாருக்குத் தினமும் ராத்திரி எடுத்துக் கொடுத்தவர் அவர்தானே. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். திட்டப் போகிறார் என்று கனகவல்லி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"எங்கிட்ட சொல்லணும்னு தோணலயா கனகா?" என்று மட்டும் கேட்டார். முப்பது வருஷம் படிக்கட்டில் தொங்குகிறவர்களைச் சத்தம் போட்டே உள்ளே ஏற்றிய குரல், கட்டிலைத் தாண்டிக் கேட்கவில்லை.

மாத்திரையை நிறுத்தியதும் நாடி சரியாயிற்று. மூளை ஸ்கேனில் கோளாறு இல்லை. தைராய்டும் வைட்டமினும் பார்த்தார்கள். எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. டிஸ்சார்ஜ் ஆகும் முன், அதே ஆஸ்பத்திரியின் மனநல டாக்டர் ஜெரூஷாவைப் பார்க்கச் சொன்னார்கள். கனகவல்லி மறுத்தாள். "எனக்கு மறதி நோய். மனசுல ஒண்ணும் இல்ல" என்றாள். சிட்டிபாபு கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

டாக்டர் ஜெரூஷாவுக்கு நாற்பது வயதிருக்கும். அவசரமே இல்லாமல் பேசினார். இன்று என்ன கிழமை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள், இந்த ஐந்து வார்த்தைகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று வரிசையாகக் கேட்டார். முயற்சி செய்யாமலே "தெரியல டாக்டர், வரல டாக்டர்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள் கனகவல்லி. கடைசியில் கைப்பையைத் திறந்து, ஆதாரம் காட்டுகிறவள்போல நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

டாக்டர் ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். படித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"உங்க அம்மா இந்த மாதிரி ஒரு நோட்டு போட்டாங்களா?"

"அம்மாவா? அவங்களுக்கு மறக்குதுங்கறதே தெரியாதே. நாங்கதான் சாமானை ஒளிச்சு வெச்சுட்டோம்னு சண்டை போடுவாங்க."

"நீங்க எழுபத்தொரு மறதியைத் தேதியோட, என்ன கிழமைங்கறதோட ஞாபகமா எழுதியிருக்கீங்க. இப்ப கிழமை கேட்டா தெரியலைங்கறீங்க."

கனகவல்லி கைப்பையின் ஜிப்பை மூடினாள்.

"எல்லா டெஸ்ட்டும் ஒரே நாள்ல முடிவு சொல்லாது. ஆறு மாசம் கழிச்சு மறுபடி பார்ப்போம். ஆனா என் அனுபவத்துல இது உங்க அம்மாவுக்கு வந்தது இல்லம்மா. இது டிப்ரஷன். மனசு அந்த அளவுக்குச் சோர்ந்துபோனா கண் முன்னாடி நடக்கிறதே உள்ள பதியாது. பதியாததை அப்புறம் தேடினா எங்கேருந்து கிடைக்கும்? ஒண்ணு மறக்கும், உடனே பயம் வரும். அந்தப் பயத்துல இன்னும் நாலு மறக்கும். நீங்க அதுல மாட்டிக்கிட்டிருக்கீங்க." டாக்டர் முதல் பக்கத்துக்குத் திரும்பினார். "இந்தச் சத்யா யாரு?"

அந்தப் பெயர் இன்னொருவர் வாயிலிருந்து வந்ததும் கனகவல்லி உடைந்துபோனாள். பத்து மாதம் யாரிடமும் சொல்லாததையெல்லாம் கொட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிட்டிபாபு அதை அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டார். கைக்குட்டையைத் தேடி, கிடைக்காமல், சட்டையைத் தூக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைக் கனகவல்லி எத்தனையோ பேருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறாள். கொடுக்கும்போது, பாவம் என்று ஒரு நினைப்பு ஓடும். இப்போது சீட்டில் தன் பெயர். தெரிந்தவர் கண்ணில் பட வேண்டாம் என்று குரோம்பேட்டையில் போய் வாங்கச் சொன்னாள். மனைவி சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு சிட்டிபாபு நேராக லாசரஸிடமே போனார். லாசரஸ் வழக்கமான கவரில் மாத்திரையைப் போட்டு, காலையில் ஒன்று என்று தன் கையாலேயே எழுதி, "வேலை எங்கயும் போகாது, நல்லா தேறி வரச் சொல்லுங்க" என்று கொடுத்தனுப்பினார். அந்தக் கவரைப் பார்த்ததும் கனகவல்லிக்குக் கோபம் வந்தது. பிறகு அந்தக் கோபம் எங்கேயோ போய்விட்டது.

மூன்று வாரம் கழிந்தது. தூக்கம் கொஞ்சம் கூடியது. ஒருநாள் குழம்பு கொதிக்கும் வாசனை பிடித்திருந்தது. வாரா வாரம் டாக்டரிடம் போய்ப் பேசினாள். நான்காவது வாரம் டாக்டர் கேட்டார்: "சத்யா எதுக்குக் கூப்பிட்டாங்கன்னு ஜீவிதாவுக்குத் தெரிஞ்சிருக்கலாமே. கேட்டீங்களா?"

"எப்படிக் கேக்கறது? என்னாலதான் அவ அம்மா போயிட்டான்னு அவளுக்குத் தெரிஞ்சிடுமே."

"இப்ப மட்டும் அவளுக்கு என்ன தெரிஞ்சிருக்கும்? பெரியம்மா என்னை ஒதுக்கிட்டாங்கன்னுதானே நினைச்சுக்கிட்டிருப்பா?"

அது கனகவல்லிக்கு இதுவரை தோன்றவே இல்லை. வீட்டுக்கு வந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, சிட்டிபாபுவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து பள்ளிக்கரணைக்குப் போனாள்.

கதவைத் திறந்த ஜீவிதா பெரியம்மாவைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். இருபத்து நாலு வயசுப் பெண். இளைத்துப்போயிருந்தாள். நெற்றித் தழும்பைத்தான் முதலில் கவனித்தாள்.

"இதென்ன பெரியம்மா? எனக்கு யாருமே சொல்லல."

உள்ளே போய் உட்கார்ந்தார்கள். கனகவல்லி சுற்றி வளைக்கவில்லை. சொல்ல வேண்டியதை நெஞ்சுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தவள், ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். "உங்கம்மா கூப்பிட்டப்ப நான் எடுக்கல ஜீவி. திருப்பிக் கூப்பிட மறந்துட்டேன். மறுநாள் அவ இல்ல. அதான் உன் முகத்தைப் பாக்க முடியாம ஓடினேன்."

ஜீவிதா குழப்பத்தோடு பார்த்தாள். "மறுநாளா? எப்ப பெரியம்மா கூப்பிட்டாங்க?"

"புதன்கிழமை மத்தியானம்."

"புதன்கிழமை அம்மா கூப்பிடலையே. அது செவ்வாய்க்கிழமை." அவள் எழுந்து, அலமாரியிலிருந்து ஒரு போனை எடுத்து வந்தாள். அம்மாவுடையது. ஒரு எண்ணையும் அழிக்காமல் இன்னும் சார்ஜ் போட்டு வைத்திருந்தாள். விரலால் தள்ளிக்கொண்டே போய்க் காட்டினாள். செவ்வாய், பகல் பன்னிரண்டு ஐம்பது: போனது, எடுக்கவில்லை. அதற்கு மேலே புதன், காலை எட்டு பத்து: 'கனகா அக்கா'விடமிருந்து வந்தது, பதினான்கு நிமிடம்.

"நீங்க திருப்பிக் கூப்பிட்டீங்க பெரியம்மா. பஸ்ல போய்க்கிட்டே பேசினீங்க. அம்மாவுக்கு ஊசி போட்ட கை வலிச்சதால ஸ்பீக்கர்ல போட்டிருந்தாங்க. நான் டிபன் சாப்பிட்டுக்கிட்டு இங்கதான் உட்கார்ந்திருந்தேன். உங்களுக்கு ஞாபகமில்லையா?"

கனகவல்லி போனைக் கையில் வாங்கினாள். பதினான்கு நிமிடம். அவளுக்கு அதில் ஒரு வினாடிகூட நினைவில் இல்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானமும் வியாழக்கிழமை விடியலும் ஒட்டிப்போய், நடுவில் இருந்த ஒரு முழுப் புதன்கிழமை காணாமல் போயிருந்தது. அவளுடைய பழைய போனில் பார்த்திருக்கலாம். அது நவம்பரிலேயே உடைந்து, புதிது வாங்கியாயிற்று.

"என்ன... என்ன பேசினோம்?"

"எல்லாம் ஊறுகாய்தான்" என்றாள் ஜீவிதா. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "நீங்க எடுத்ததும், 'நேத்து கடையில கூட்டம்டீ, சுத்தமா மறந்துட்டேன்'னீங்க. அம்மா, 'அதனால இன்னா, நான் செத்தா போயிட்டேன்?'னாங்க." சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். "அதைச் சொல்லியிருக்கக் கூடாது."

"சொல்லு. எல்லாத்தையும் சொல்லு."

"மாங்கா ஊறுகாய் ஒரே ஒரு துண்டு தின்னட்டுமா, நாக்கு செத்துப்போச்சுன்னு அம்மா கெஞ்சினாங்க. நீங்க, உப்பு, தண்ணி தாகம் எடுக்கும், கூடவே கூடாதுன்னு திட்டினீங்க. 'ஒரு துண்டுன்னு சொல்லி பாட்டிலையே காலி பண்ணுவ, உன்னை எனக்குத் தெரியாதா?'ன்னீங்க. 'சரி, மோந்து மட்டும் பாக்கறேன்'னாங்க அம்மா. ரொம்ப நேரம் இதே சண்டை. கண்டக்டர் வந்து டிக்கெட் டிக்கெட்னு கத்தறது இங்க வரைக்கும் கேட்டுது. கடைசில நீங்கதான், 'சனிக்கிழமை வரேன், ஒரு துண்டை நல்லா கழுவி நானே ஊட்டிவிடறேன்'னீங்க. வெச்சதுக்கப்புறம் அம்மா என்னைப் பார்த்து, 'உங்க பெரியம்மா மசிஞ்சுட்டா பாத்தியா'ன்னு ஒரே சிரிப்பு."

"மூச்சு முட்டுதுன்னு எதுவும்..."

"இல்ல பெரியம்மா. அன்னிக்கு நல்லாத்தான் இருந்தாங்க. சாயங்காலம் ரெண்டு பிளவுஸுக்கு ஹெம்மிங் போட்டாங்க."

கனகவல்லி போனை மடியில் வைத்துக்கொண்டாள். குற்றம் நீங்கியதும் லேசாக இருக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். அப்படி இல்லை. இல்லாத ஒரு குற்றத்தைப் பதினோரு மாதம் சுமந்தோமே என்ற வேதனையும், தங்கையோடு பேசிய கடைசிப் பேச்சைத் தன் மூளையே எங்கோ போட்டுவிட்டதே என்ற ஆற்றாமையும்தான் முதலில் வந்தன. அதற்கெல்லாம் பிறகுதான், ரொம்ப மெதுவாக, சத்யா சிரித்தாளாம் என்ற எண்ணம் வந்து உட்கார்ந்தது.

"இன்னொரு தடவை சொல்லு ஜீவி" என்றாள்.

ஜீவிதா முதலிலிருந்து சொன்னாள். சொல்லி முடித்ததும், "எனக்கும் அந்த வாரத்துல பாதி ஞாபகமில்ல பெரியம்மா" என்றாள். "அம்மாவைக் கொண்டுபோன அன்னிக்கு யார் வந்தாங்க, நான் என்ன உடுத்தியிருந்தேன், ஒண்ணும் தெரியாது. நீங்க என் பக்கத்துல இருந்தீங்களா?"

"இருந்தேன். நீ பச்சைச் சுடிதார் போட்டிருந்த. பல்லுகூட விளக்கல. நான்தான் உனக்குக் காபி கொடுத்துக் குடிக்க வெச்சேன். ரெண்டு வாய் குடிச்சுட்டு என் மடியிலயே தூங்கிப்போயிட்ட."

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். கனகவல்லி எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தோளைச் சுற்றிக் கையைப் போட்டாள். வாசலில் காற்று வாங்க நின்ற சிட்டிபாபு உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "நான் போய் டிபன் வாங்கினு வரேன்" என்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அடுத்த சந்திப்பில் டாக்டர் ஜெரூஷாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "அந்தப் பதினான்கு நிமிஷம் திரும்ப வருமா டாக்டர்?" என்று கேட்டாள்.

"வராமலே போகலாம். உறுதியா சொல்ல முடியாது" என்றார் டாக்டர். "அப்ப இருந்த அதிர்ச்சி, துக்கம் எல்லாம் சேர்ந்து எதை வெச்சுக்கிட்டுது, எதை விட்டுச்சுன்னு யாராலயும் திறந்து பார்க்க முடியாது. ஆனா சோர்ந்த மனசு தன்னைத் திட்டறதுக்கு எது உதவுமோ அதைத்தான் கெட்டியா பிடிச்சுக்கும். அது மட்டும் நிச்சயம்."

அக்டோபரில் சத்யபிரியாவுக்கு வருஷத் திதி வந்தது. பள்ளிக்கரணை வீட்டில் சொந்தக்காரர்கள் கூடினார்கள். இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தூரத்து உறவான லோகநாயகி கேட்டாள்: "கனகா, நீ கடைசியா அவகிட்ட எப்பம்மா பேசின?"

பரிமாறிக்கொண்டிருந்த ஜீவிதாவின் கை அப்படியே நின்றது.

"முந்தின நாள் காலையில" என்றாள் கனகவல்லி. "பஸ்ல போகும்போது. ஊறுகாய்க்குச் சண்டை போட்டா."

சொல்லும்போது அவளுக்கு அந்தக் காட்சி கண்ணில் தெரியவில்லை. பஸ்ஸும் இல்லை, குரலும் இல்லை. ஆனாலும் பொய் சொல்வதுபோல இருக்கவில்லை. தெரிந்த ஒருத்தி கேட்டுச் சொன்னதை நம்பிச் சொல்கிறோம் என்றிருந்தது. அது போதும் போலவும் இருந்தது.

தீபாவளிக்குப் பிறகு கடைக்குத் திரும்பினாள், முதலில் அரை நாள் மட்டும். மருந்தைக் கவரில் போடும் முன் இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்று அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். லாசரஸ் அதைத் தனக்கும் சேர்த்தே கடையின் சட்டமாக்கிவிட்டார். சில நாள் பெயர் வாயில் வராது. சில காலைகளில் எழுந்திருக்கவே மனமிராது. மாத்திரை தொடர்ந்தது. பிப்ரவரியில் மறுபடி பரிசோதித்த டாக்டர் ஐந்து வார்த்தைகள் சொன்னார். ஐந்தையும் திருப்பிச் சொன்னாள்.

ஜீவிதாவைத் தனியாக விட வேண்டாம் என்று முதலில் பேச்செடுத்தவர் சிட்டிபாபு. "மாடில ரூம் சும்மாதானே கீது?" என்றார். மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜீவிதா 'குட்டி யானை' மினி லாரியில் சாமானோடு வந்து இறங்கினாள். வந்த மறுநாள் காலையிலேயே, ஆபீசுக்கு நேரமாகிறது என்று ஜீவிதாவும், வேப்பங்குச்சியோடு சிட்டிபாபுவும் ஒரே குளியலறைக்கு முன்னால் நின்று மல்லுக்கட்ட, அடுப்படியிலிருந்து கனகவல்லி கரண்டியோடு வந்து, "ரெண்டு பேரும் நகருங்க, எனக்குத்தான் எட்டரை மணிக்குக் கடை" என்று முதலில் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.